புதுப்பிப்பு: மருத்துவமனை நிர்வாகிக்கு யார் துணை என்று கேட்டிருந்தேன்

மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே புலம்பியிருந்தேன். செவிலியராக இருந்து 50 படுக்கை மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவள் நான். சந்தேகம் கேட்க ஆளில்லை, மேலாண்மைப் பட்டயம் படிக்கலாமா என்று கேட்டேன். "முதலில் பக்கத்து ஊர் நிர்வாகிகளைப் பிடியுங்கள்" என்றார்கள் சிலர். பிடித்துவிட்டேன்.

இப்போது ஐந்து பேர். மாதம் ஒரு ஞாயிறு, ஒருவருடைய மருத்துவமனைக்கு மற்ற நால்வரும் போகிறோம். பளபளக்கும் வரவேற்பறையை யாரும் பார்ப்பதில்லை. நேரே கழிவு அறைக்குத்தான். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, மஞ்சள் பையில் போடும் ரத்தம் படிந்த கழிவு, உடல் பாகங்கள் போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. என் இடத்தில் ஒரு மஞ்சள் பையில் வெள்ளிக்கிழமைக் காலைத் தேதி. நாங்கள் நின்றதோ ஞாயிறு மாலை. கழிவை எடுத்துப்போகும் வண்டி சனிக்கிழமை வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. கூனிக் குறுகிப்போனேன். குழுவில் மூத்தவர் சிரிக்கவில்லை. வண்டி வராத நாளில் யார் யாரை அழைக்க வேண்டும் என்று தன் இடத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படமாக அனுப்பினார். அதே தாள் இப்போது என் கதவிலும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், 19 அம்சங்கள், எல்லோரிடமும் உண்டு. அறுவையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று சரிபார்க்க வேண்டிய பட்டியல் அது. ஆனால் அறுவை முடிந்த பிறகு ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள் என்று ஒருவர் ஒப்புக்கொள்ள, மற்ற நால்வரும் தலையைக் குனிந்தோம். இதை மருத்துவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதில் இன்னும் இழுபறிதான்.

பட்டய விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. கட்டணம் கட்டவில்லை. அடுத்த மாதம் டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுத்துக்கொள்கிறோம்.