கரிமீசை முறுக்கியதா, முறுக்காததா?

மடுவத்துக்காரி:
நேற்று இரவு காமன்பொட்டல் அண்ணன் இங்கே எழுதியதை எல்லோரும் வாசித்திருப்பீர்கள். "பொம்பளைகள் மீசை வரைந்துகொண்டு நாடகம் போடுவது கொழும்பிலிருந்து வந்த பழக்கம். மலையகத்தில் பெண்கள் கலையை வைத்து யாரையும் எதிர்த்தது கிடையாது." வாசித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மார்ச் 8ஆம் திகதி எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஏழு பேர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாடகம் போட்டோம். இருபது நிமிடம்தான். ஒரு காட்சியில் நிர்வாகத்தின் கணக்கப்பிள்ளை, தராசில் தொங்கும் கொழுந்துச் சாக்கை முழங்காலால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி கிலோ வாசிக்கிறார். அதிலும் தண்ணிக் கழிவு என்று இரண்டு கிலோ வெட்டுகிறார். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். அந்த முழங்காலால் அரைப்பேரோடு வீட்டுக்குப் போனவர்கள்தான் முன்னால் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு ஆச்சி கண்ணைத் துடைத்தார்.

அடுத்த காட்சியில், புருஷன் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கிறான் என்று ஒருத்தி தொழிற்சங்கத் தலைவர் வாசலில் வந்து நிற்கிறாள். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "இது குடும்ப விசயம், பேசித் தீர்த்துக்கோ, சந்தாவை மட்டும் மறந்துடாதே" என்கிறார். அந்தத் தலைவர் நான்தான். சட்டிக் கரியில் தேங்காய் எண்ணெய் குழைத்து என் மகள்தான் மீசை வரைந்துவிட்டாள். அதில் கொழும்பு எங்கே இருக்கிறது என்று அண்ணன் சொல்லட்டும்.

காமன்பொட்டல்:
கதையெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில். மீசை முறுக்கியதா, இல்லையா? இந்தத் தோட்டத்தில் முறுக்கு மீசை வைத்திருந்த தலைவர் ஒரே ஒருவர்தான், என் அப்பா. இருபத்திரண்டு வருசம் தலைவராக இருந்தவர். இறந்து மூன்று வருசம் ஆகவில்லை. அவரை நடுமடுவத்தில் நிறுத்திக் கேலி செய்துவிட்டு மகளிர் தினம் என்கிறீர்கள்.

மடுவத்துக்காரி:
முறுக்கவில்லை. நேராக, உதட்டு ஓரம் வரைக்கும் இறங்கின மீசை. உங்கள் அப்பாவை நினைத்து யாரும் வரையவில்லை.

காமன்பொட்டல்:
என் மச்சான் போனில் எடுத்த படம் இருக்கிறது. வலது பக்கம் நுனி மேலே போகிறது.

மடுவத்துக்காரி:
வேர்வையில் கரி இழுபட்டிருக்கும் அண்ணே. இடது பக்கத்தையும் பாருங்கள், தாடை வரைக்கும் ஒழுகியிருக்கும்.

ஹட்டன் டீச்சர்:
மீசையை விட்டுவிட்டு விசயத்துக்கு வருவோமா? பெண்கள் எதிர்த்ததே இல்லை என்பது வரலாற்றுப் பிழை. தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பேச்சைக் கேட்க வராத சனமும் பாட்டைக் கேட்க வந்தது. இலங்கையில் நம்மவர்கள் படும் பாட்டைப் பற்றி அவர் எழுதிய பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. அது முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்த வருசம். வாய் திறந்தால் வேலை நீக்கப் பற்றுச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டிய காலம்.

காமன்பொட்டல்:
டீச்சர், அந்த அம்மா கொழுந்து கிள்ளினாரா? ஐயர் வீட்டு அம்மா, தஞ்சாவூரிலிருந்து வந்த குடும்பம். நான் கேட்டது நம்ம லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பொம்பளைகளைப் பற்றி. அதோடு அவர் மீசை வைத்துக்கொண்டு பாடவில்லை.

ஹட்டன் டீச்சர்:
அப்படிப் பார்த்தால் நம் எல்லோருடைய குடும்பமும் கப்பலில் வந்ததுதானே. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், எங்கேயிருந்து வந்தாய் என்று. அதை நம் ஆளே கேட்பது வேதனையாக இருக்கிறது.

பதுளைப்பக்கம்:
நான் நடுவில் ஒன்று கேட்கிறேன். காமன்பொட்டல், நீங்கள் மன்மதன் கதை ஆடும் காமன் கூத்தில் பதினொரு வருசம் ரதி வேசம் கட்டியவர்தானே? சேலை, வளையல், சவுரிமுடி எல்லாம் போட்டு ஆடினீர்கள். ஆண் சேலை கட்டினால் கலை, பெண் கரி பூசினால் கேவலமா?

அதோடு உங்கள் தோட்டத்தில் இந்த மாசி ஆடியது காமன் கூத்தே இல்லை. தப்பு மேளம் அடிக்க ஆளில்லாமல் ஸ்பீக்கரில் போட்டீர்கள். எங்கள் பக்கம் ஆறு தப்பு, விடியும் வரை.

காமன்பொட்டல்:
பதுளைக்காரர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கர் போட்டது வீரபத்திரன் வரும் ஒரு கட்டத்துக்கு மட்டும்தான். அன்றைக்கு மழை, தப்புத் தோல் இறங்கிவிட்டது. தீ மூட்டிக் காய்ச்சிப் பார்த்தும் ஏறவில்லை. உங்கள் ஆறு தப்பில் நாலு எங்களிடம் இரவல் வாங்கியது, இன்னும் ஒன்று திரும்பி வரவில்லை.

ரதி கட்டுவதும் கரி பூசுவதும் ஒன்றா? காப்புக் கட்டி, கவிச்சி தொடாமல், தரையில் படுத்து, மாசிப் பனியில் பச்சைத் தண்ணீர் குளித்துவிட்டு ஆடுகிறோம். அது நேர்த்தி. ரதியை யாரும் சிரிப்பதற்காகக் கட்டுவதில்லை. இவர்கள் கட்டினது ஒரு மனிதரைச் சிரிக்கவைக்க. அதுவும் முறுக்கு மீசையோடு.

பதுளைப்பக்கம்:
நாலு இல்லை, இரண்டு. அதையும் தீபாவளிக்கே கொண்டுவந்து கொடுத்தோம். உங்கள் பொருளாளரைக் கேளுங்கள்.

மடுவத்துக்காரி:
நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. சின்ன வயசில் உங்கள் ரதியைப் பார்க்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பொட்டலில் இருந்தவள்தான் நான். மன்மதன் எரிந்த பிறகு சிவன் முன்னால் விழுந்து ரதி அழும் கட்டத்தில் தோட்டமே அழும். அந்த அழுகையை நீங்கள் எங்கே படித்தீர்கள் அண்ணே? மாஸ்டர் மெட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் மார்பில் அடிக்கும் கையும், மூச்சு வாங்கி இழுக்கும் அந்த இழுப்பும் எங்கள் அம்மாக்கள் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதிலிருந்து வந்தவை. என் ஆச்சியின் ஒப்பாரியில் கங்காணி வருவார், தோட்டத் துரையின் குதிரை வரும், குடித்தே செத்த தாத்தாவுக்குத் திட்டும் வரும். பிணத்துக்கு முன்னால் யாரும் அவர் வாயை அடைக்கவில்லை. வெளியில் சொல்ல முடியாததை எல்லாம் அங்கேதான் சொன்னார். அது எதிர்ப்பு இல்லையென்றால் வேறு எதை எதிர்ப்பு என்பீர்கள்?

எங்கள் அழுகையை வாங்கி நீங்கள் இத்தனை வருசம் ஆடினீர்கள். நாங்கள் சந்தோசமாகத்தான் பார்த்தோம். உங்கள் மீசையை இருபது நிமிடம் நாங்கள் வாங்கியதற்கு இவ்வளவு கோபமா?

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனதே 1984இல்தான். அதற்கு முன்னால் அதே மலையில் நின்ற என் அம்மாவுக்குச் சம்பளம் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் அப்பா போய்க் கையெழுத்து வைத்து வாங்கிக்கொள்வார். சம்பள நாளன்று அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதைத் தலைவரிடம் சொன்னபோது கிடைத்த பதிலைத்தான் நாடகத்தில் நான் பேசினேன்.

காமன்பொட்டல்:
பார்த்தீர்களா, வாயிலிருந்தே வந்துவிட்டது. உன் அம்மா சொன்னது எந்தத் தலைவரிடம்? அப்போது தலைவர் யார்? என் அப்பாதான். அப்படியென்றால் மீசை அவருடையதுதான்.

மடுவத்துக்காரி:
அப்போது தலைவராக இருந்தவர் உங்கள் அப்பாவுக்கு முந்தியவர். அவருக்கு மீசையே கிடையாது.

காமன்பொட்டல்:
அப்போ ஏன் மீசை வரைந்தாய்?

ஹட்டன் டீச்சர்:
தலைவர் என்ற பதவிக்கு வரைந்தது, ஆளுக்கு இல்லை. நையாண்டியில் அப்படித்தான் செய்வார்கள்.

காமன்பொட்டல்:
டீச்சர் பாடம் நடத்த வேண்டாம். சட்டமும் இருக்கிறது. நாடகம் போடுவதென்றால் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1912ஆம் ஆண்டுச் சட்டம். இவர்கள் வாங்கினார்களா? எழுதிப் போட்டால் பொலிஸ் வந்து கேட்கும்.

ஹட்டன் டீச்சர்:
அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதைத் தூக்கிக்கொண்டு ஏழு கொழுந்துக்காரிகள் மேல் பாயப் போகிறீர்களா? இந்த நாட்டில் சித்திரமும் எழுத்தும் என்ன விலை கொடுத்தன என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல் போனார், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு. அவருடைய மனைவி சந்தியா இத்தனை வருசமாக நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் அலைகிறார். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீமை 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலை. பெரிய இடத்தில் அவர்கள் செய்ததையே சின்ன இடத்தில் நீங்கள் செய்யப் பார்க்கிறீர்கள்.

காமன்பொட்டல்:
என்னை ஜனாதிபதியோடு ஒப்பிடுகிறீர்களா? நான் தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரன். என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? எங்களையும்தான் துரை மிதிக்கிறார். வீட்டுக்கு வந்தால் பொம்பளைகள் எங்கள் மீசையைச் சிரிக்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.

மடுவத்துக்காரி:
துரை உங்களை மிதிப்பது எங்களுக்குத் தெரியும். முதல் காட்சியே அதுதான், நீங்கள் கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தீர்கள். நான் பார்த்தேன். இரண்டாவது காட்சியில்தான் எழுந்து போனீர்கள். மேலே இருப்பவனைச் சிரித்தால் உங்களுக்கு இனிக்கிறது, பக்கத்தில் இருப்பவனைச் சிரித்தால் பொலிஸ் வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இரண்டு பேரும் ஒரே சம்பளத்தில்தான் கை வைத்தார்கள் அண்ணே.

பதுளைப்பக்கம்:
பொருளாளரிடம் கேட்டீர்களா?

காமன்பொட்டல்:
கேட்டேன். தப்பு வரவில்லை என்கிறார். ஒன்றில் தோல் கிழிந்து வந்தது, அதற்கும் கணக்கு இருக்கிறது.

தங்கச்சி, நான் எழுந்து போனது பீடி பற்றவைக்க.

மடுவத்துக்காரி:
பீடி பற்றவைக்கப் போனவர் மீசை நுனி எந்தப் பக்கம் போனது என்று எப்படிப் பார்த்தீர்கள்?

காமன்பொட்டல்:
படத்தில்தான் தெரிகிறதே. முறுக்கு மீசைதான். பெரியவர்கள் கூட்டத்தில் படத்தைக் காட்டுவேன்.

மடுவத்துக்காரி:
காட்டுங்கள். இடது பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழ்ப்பிரிவு மடுவத்தில் திரும்பப் போடுகிறோம். அங்கேயுள்ள பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.

காமன்பொட்டல்:
கமிட்டி லைட்டும் தார்ப்பாய்ப் படங்கும் கிடைக்காது, சொல்லிவிட்டேன்.

மடுவத்துக்காரி:
வேண்டாம். நாலு மணிக்கு வெளிச்சம் இருக்கும். படங்கு நாங்கள் இடுப்பில் கட்டுவதே ஏழு இருக்கிறது.

பதுளைப்பக்கம்:
கிழிந்தது எங்கள் கையில் இல்லை. வாங்கும்போதே கிழிசல்.