தவில் அடித்தால் கோபுரம் இறங்குகிறது: காதா, மூளையா?

நாயனக்காரன்:
வயது 41, கும்பகோணம் பக்கம். போன மாசி உற்சவத்திலிருந்து ஒரு விநோதம். தவில்காரர் எனக்கு வலப்பக்கம் நிற்பார், தவிலில் கழியால் அடிக்கும் முகமான தொப்பி என் காதைப் பார்த்து இருக்கும். அதில் கழி பலமாக விழுந்தால் எதிரே உள்ள கோபுரம் கீழே இறங்கிச் சாய்கிறது. அடி நின்றதும் நேராகிவிடும். தம் கட்டி மேல் ஸ்தாயியில் ஊதினாலும் இதேதான். இன்னொன்று, சிரிக்காதீர்கள்: ராத்திரி படுத்துக்கொண்டு கண்ணை உருட்டினால் சரக் சரக்கென்று கேட்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆறு வாரம் தின்றேன். சத்தத்துக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

செவியறை (ஆடியாலஜிஸ்ட்):
சிரிக்கவில்லை. கண் உருளுவது கேட்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உள்காதில் கேட்கும் நத்தைச் சுருளும் சமநிலைக்கான அரைவட்டக் குழல்களும் ஒரே திரவத் தொடர்பில் இருக்கின்றன. குழலைச் சுற்றி எலும்பு மூடியிருக்கும்வரை சத்தம் சுருளுக்குத்தான் போகும். மேல் குழலின் எலும்பில் ஓட்டை இருந்தால் அழுத்தம் அந்தப் பக்கமும் கசியும்; கண் உருளுவது போன்ற உடம்பின் உள் சத்தமும் பெரிதாகக் கேட்கும். பியெத்ரோ துல்லியோ என்ற இத்தாலியர் புறாக்களின் குழலில் துளையிட்டுப் பார்த்தே இதைச் சொன்னார், 1929இல். மனிதர்களில் இந்த எலும்புக் குறையை 1998இல் விவரித்தவர் லாயிட் மைனர்.

மூளைக்குப் பாவம், திரவத்தைத் தள்ளியது தவிலா தலையசைவா என்று தெரியாது. தலை சாய்ந்ததாக நரம்பு சொல்கிறது, மூளைத்தண்டு உடனே கண்களை மேலே தள்ளித் திருப்புகிறது. கோபுரம் கீழே போவது அதனால்தான். தம் கட்டினாலும் அழுத்தம் மாறுகிறதல்லவா?

உங்களுக்கும் இதுதான் என்பது ஊகம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், பொட்டெலும்பை மெல்லிய துண்டங்களாகப் படமெடுக்கும் சிடி ஸ்கேனும் வெம்ப் சோதனையும் கேளுங்கள். வெம்பில், காதில் டொக் டொக்கென்று ஒலி விட்டுக் கழுத்துத் தசையின் துடிப்பை அளப்பார்கள். நல்ல காதிலும் பலத்த ஒலிக்கு அது வரும். உங்களுக்குச் சின்னச் சத்தத்துக்கே வந்தால் சந்தேகம் வலுக்கும்.

மாடிவீட்டு மீனா:
எனக்கு இடக்காதில் இதேதான் அண்ணா. குக்கர் விசில் அடித்தால் சுவரைப் பிடிப்பேன். இட்லி மென்றால் ஊரே இடிகிற சத்தம். மூன்று வருஷம் மனப்பிரமை என்றார்கள். கடைசியில் எலும்புத்தூளும் தசைச்சவ்வும் வைத்துக் குழலை அடைத்தார்கள். இப்போது குக்கர் வெறும் குக்கர்தான். ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாதம் மாடிப்படி இறங்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு குழல் போனதை மூளை பழகிக்கொள்ளும்வரை அப்படித்தானாம். தொந்தரவு குறைவென்றால் அவசரப்படாதீர்கள்.

நாயனக்காரன்:
இருவருக்கும் நன்றி. சிடிக்குத் தஞ்சாவூரில் வியாழக்கிழமை. அதுவரை தவில்காரரை இடப்பக்கம் நிற்கச் சொன்னேன். ஏன், என் வாசிப்பு பிடிக்கவில்லையா என்று கோபித்துக்கொண்டார். இந்தத் திரியைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.