இரவில் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட், "எங்களிடம் வரவில்லை" என்று திரும்பும் பக்: என்ன செய்யலாம்?

காட்பாடி_டெஸ்டர்:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். ஷூ ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான ஆர்டர் மென்பொருள். பயன்படுத்துபவர்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம். டெவலப்பர்கள் பெர்லினில், ப்ராடக்ட் ஓனர் (மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்) நியூயார்க்கில், டெஸ்டர்கள் மட்டும் இங்கே. இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வேலை.

ஆட்டோமேஷன் டெஸ்ட்கள் இரவு 1:30க்கு எங்கள் ஆபீஸ் மெஷினில் ஓடும். லோடு ஏற்றிய தேதியைச் சரிபார்க்கும் டெஸ்ட்கள் மட்டும் ஃபெயில். காலையில் வந்து அதையே ஓட்டினால் பாஸ். பக் (பிழைப் புகார்) போட்டால் பெர்லினில் "எங்களிடம் வரவில்லை" என்று மூடிவிடுகிறார்கள். திரும்பத் திறந்தால் பதில் மறுநாள் மதியம்தான் வருகிறது. "அந்த டெஸ்ட்களை நைட் ரன்னிலிருந்து எடுத்துவிடு, ரிப்போர்ட் சிவப்பாகத் தெரிகிறது" என்கிறார் மேனேஜர்.

இன்னொன்று, டெய்லி மீட்டிங். நியூயார்க் காலை 9:30 என்று வைத்திருக்கிறார்கள். நமக்குக் கோடையில் இரவு 7, குளிர்காலத்தில் 8. குடியாத்தம், ஆற்காடு போகிறவர்கள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

பாலாற்று_மணல்:
டெஸ்ட்டை எடுக்காதீர்கள் தம்பி. சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். அப்புறம் அதே டெஸ்ட்டை விடிகாலை 5:15க்கு ஒரு முறை, 5:45க்கு ஒரு முறை ஓடும்படி வையுங்கள்.

காட்பாடி_டெஸ்டர்:
சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம்) அண்ணா. எங்கள் மெஷின் இந்திய நேரம். 5:15க்கு ஃபெயில், 5:45க்கு பாஸ்! எப்படிச் சொன்னீர்கள்?

பாலாற்று_மணல்:
நாம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே நள்ளிரவு தாண்டி 12ஆம் தேதி பிறந்தாலும், விடிகாலை 5:30 வரை சர்வருக்கு 11ஆம் தேதிதான். உங்கள் டெஸ்ட் 12ஐ எதிர்பார்க்கிறது, சர்வர் 11 என்கிறது. காலை பத்து மணிக்கு ஓட்டினால் இரண்டு பக்கமும் ஒரே தேதி, அதனால் பாஸ்.

பெர்லின்காரர்கள் பொய் சொல்லவில்லை. நம்முடைய 12 மணி முதல் 5:30 வரை என்பது அவர்களுக்குக் கோடையில் இரவு 8:30 முதல் 2 மணி வரை. அந்த நேரத்தில் ஆபீஸில் யார் இருப்பார்கள்?

டெஸ்ட்டை விடுங்கள். தொழிற்சாலையில் ராத்திரி 2 மணிக்கு யாராவது லோடு ஏற்றி என்ட்ரி போட்டால் என்ன தேதி விழும்? அதை முதலில் கேளுங்கள்.

சத்துவாச்சாரி_சர்வர்:
இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? சர்வரை இந்திய நேரத்துக்கு மாற்றினால் முடிந்தது.

பாலாற்று_மணல்:
டெஸ்ட் பாஸ் ஆகும், சரி. நியூயார்க்கில் ஒருவர் மாலை 4 மணிக்கு ஆர்டர் போட்டால் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அவருடைய ஆர்டரில் மறுநாள் தேதி விழும். குழப்பம் ஊர் மாறுமே தவிரப் போகாது. நிகழ்ந்த நேரத்தை யூடிசியிலேயே சேமிக்கட்டும். தேதியாகக் காட்டும்போது மட்டும் அந்தத் தொழிற்சாலையின் நேர மண்டலத்துக்கு மாற்ற வேண்டும்.

காட்பாடி_டெஸ்டர்:
ராணிப்பேட்டையில் ஒரு டிஸ்பாட்ச் சூப்பர்வைசரிடம் போனில் கேட்டேன். ராத்திரி லாரி ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். "கேட் ரெஜிஸ்டரில் ஒரு தேதி, ஸ்கிரீனில் முந்தின நாள். சாஃப்ட்வேர் அப்படித்தான் என்று நினைத்து காலையில் கையால் திருத்திக்கொள்கிறோம்" என்றார் சாதாரணமாக. எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை!

வாலாஜா_அக்கா:
இனி அது ஃப்ளேக்கி டெஸ்ட் (காரணம் தெரியாமல் ஒரு முறை பாஸ், ஒரு முறை ஃபெயில் ஆவது) இல்லை, கஸ்டமர் பக். தலைப்பையே மாற்றுங்கள்: "இரவு 12 முதல் 5:30 வரை ஏற்றும் லோடுக்கு முந்தைய நாள் தேதி விழுகிறது." உள்ளே பில்ட் (மென்பொருள் பதிப்பு) எண், ஆர்டர் எண், சம்பவ நேரம் யூடிசியிலும் இந்திய நேரத்திலும், ரெஜிஸ்டர் என்ன சொல்கிறது, ஸ்கிரீன் என்ன சொல்கிறது. தூரத்து டீமுக்குப் போடும் பக்கைப் படிப்பவர் உங்களிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்க முடியாதபடி எழுத வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்கு ஒரு நாள் போகிறது.

பெர்லினில் ராத்திரி வரை காத்திருக்கத் தேவையில்லை. கோட், சிஸ்டம் நேரத்தை நேரடியாகக் கேட்காமல், வெளியிலிருந்து ஒரு கடிகாரத்தை வாங்கிக்கொள்ளும்படி எழுதச் சொல்லுங்கள். ஜாவா மொழியில் 8ஆம் பதிப்பிலிருந்தே அதற்கென்று 'கிளாக்' வகுப்பு இருக்கிறது. நேரத்தை 20:00 யூடிசி என்று நிறுத்திவைத்தால் அவர்கள் மேஜையிலேயே, பட்டப்பகலில் ஃபெயில் ஆகும். நீங்களும் இந்தியத் தேதியும் யூடிசி தேதியும் மாறும் எல்லைகளான 18:29, 18:30, 23:59, 00:00 யூடிசி நான்கையும் டெஸ்ட்டில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் 'இந்தத் தேதிக்குள் கப்பலேற்ற வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு தேதி இருக்குமே, அதை எப்படிச் சேமிக்கிறார்கள்?

காட்பாடி_டெஸ்டர்:
பார்த்தேன் அக்கா. அதையும் இந்திய நள்ளிரவு என்று நேரத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

வாலாஜா_அக்கா:
பயந்தபடியே. 12ஆம் தேதி இந்திய நள்ளிரவு என்றால் யூடிசியில் 11ஆம் தேதி 18:30. நியூயார்க் ஸ்கிரீனில் கெடு 11 என்றே தெரியும். ஒப்பந்தத் தேதி வெறும் தேதி, அதற்கு மணியும் மண்டலமும் வேண்டாம். ஆனால் லோடு ஏற்றியது ஒரு சம்பவம், அதற்கு நேரம் வேண்டும். எது எது என்று முடிவு செய்வது டெவலப்பரும் இல்லை, நீங்களும் இல்லை, ப்ராடக்ட் ஓனர். அவரிடம் "டைம்ஸோன் பிரச்சினை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பதில் வராது. "ராணிப்பேட்டையில் 12ஆம் தேதி ராத்திரி 2 மணிக்கு லாரி கிளம்பினால் இன்வாய்ஸில் எந்தத் தேதி?" என்று கேளுங்கள்.

மீட்டிங்குக்கு: ஸ்பிரிண்ட் முறைக்கான கையேடு, 2020 ஸ்க்ரம் கைடு, டெய்லி மீட்டிங்கை டெவலப்பர்களுக்கான 15 நிமிடம் என்றே சொல்கிறது. அதில் 'டெஸ்டர்' என்று தனிப் பொறுப்பே கிடையாது, நீங்களும் டெவலப்பர் கணக்கில்தான். ஸ்பிரிண்ட் வேலை எதையும் ஓனர் தானே செய்யவில்லை என்றால் அவர் தினமும் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. பெர்லின் காலை 9 மணி நமக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. மதியம் 2:30க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓனரோடு வாரத்தில் இரண்டு நாள் போதும், அதையும் வீட்டிலிருந்து. மார்ச்சில் கவனம்: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். நடுவில் காலண்டர் அழைப்புகள் ஒன்றோடொன்று மோதும்.

காட்பாடி_டெஸ்டர்:
அந்த ஒரு வரிக் கேள்விக்கு அன்று ராத்திரியே பதில் வந்துவிட்டது: லோடு தேதி தொழிற்சாலை கேட் தேதி, கெடு ஒப்பந்தத்தில் உள்ளபடி. பெர்லினில் பக்கைத் திறந்துவிட்டார்கள். மீட்டிங் 2:30க்கு மாறுகிறது. மேனேஜர் டெஸ்ட்டை இருக்கட்டும் என்றுவிட்டார், முகம்தான் கொஞ்சம் சுளிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. ஸ்டோரிகள் (ஸ்பிரிண்ட்டில் செய்யும் தனித்தனி வேலைகள்) எல்லாம் ஸ்பிரிண்ட் முடியும் கடைசி வியாழன் ராத்திரிதான் வருகின்றன, வெள்ளி டெமோ.

பாலாற்று_மணல்:
ஒரே நேரத்தில் எல்லா ஸ்டோரியையும் திறப்பதால் வருவது அது. இரண்டுக்கு மேல் திறக்கக் கூடாது, உங்கள் டெஸ்ட் முடியாமல் அடுத்ததை எடுக்கக் கூடாது என்று அடுத்த பிளானிங்கில் கேளுங்கள். லாரிக் கேள்வி மாதிரி இரண்டு மூன்று உதாரணத்தை ஒவ்வொரு ஸ்டோரியிலும் முன்கூட்டியே நீங்கள் எழுதிவைத்தால், டெவலப்பர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருவார். வியாழன் ராத்திரி வந்த ஸ்டோரியை டெமோவில் காட்டலாம், ஆனால் 'டன்' (முடிந்தது) கணக்கில் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.