முழுப்பிரதி கேட்டு முகவர் எழுதிய அன்று என்ன செய்தீர்கள்?

ரொறன்ரோவிலிருந்து:

ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டு இரண்டு வருடமாக அமெரிக்க இலக்கிய முகவர்களுக்கு, அதாவது எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத்தருபவர்களுக்கு, அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வடமராட்சியில் அம்மம்மா இருந்த வீட்டையும் அந்த வீட்டுக் கிணற்றையும் சுற்றி நடக்கிற கதை, 92,000 சொற்கள். நாவலை அறிமுகப்படுத்தி முகவருக்கு எழுதும் குவெரி கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். முகவர் "சரி, அனுப்புங்கள்" என்று பதில் போட்ட பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. நான் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

41ஆவது கடிதத்துக்குத்தான் பிரதி கேட்டு முதல் பதில் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் பார்த்தேன். முதல் 50 பக்கங்களை வேர்ட் கோப்பாக அனுப்பச் சொல்லி ஒரே வரி. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தேன். 50ஆம் பக்கத்தில் அத்தியாயம் பாதியில் நிற்கிறதே என்று 63ஆம் பக்கம் வரை சேர்த்தேன். அம்மம்மா யார், நான் ஏன் எழுதவந்தேன் என்று நான்கு பத்திக் கடிதம் வேறு. பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது.

இரவு படுக்கப் போகும் முன் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது தம்பி வாசித்துக் குறிப்பு எழுதித் தந்த பிரதி. ஓரம் முழுக்க அவனுடைய குறிப்புகள். 17ஆம் பக்கத்தில், "அக்கா, இங்கே அவசரப்பட்டுவிட்டீர்கள்." அன்றிரவு நித்திரை வரவில்லை. காலையில் இரண்டு வரி மன்னிப்போடு சுத்தமான பிரதியை அனுப்பினேன். ஐந்து வாரத்தில் மறுப்பு வந்தது. குறிப்புகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முகவர் என் எழுத்தை முதன்முதலில் பார்த்த கோலம் அதுதான், அதை மாற்ற முடியாது.

மூன்று மாதம் கழித்து இன்னொருவர் முழுப்பிரதி கேட்டார். இந்த முறை அன்றைக்கு எதையும் அனுப்பவில்லை. மறுநாள் மாலை ஆறுதலாக உட்கார்ந்தேன். திருத்தங்களை எல்லாம் ஏற்று, குறிப்புகளை நீக்கி, புதுப் பெயரில் சேமித்தேன். டைம்ஸ் நியூ ரோமன் 12, இரட்டை வரி இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குல ஓரம், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் என் பெயரும் நாவலின் பெயரும் பக்க எண்ணும். முதல் பக்கத்தில் பழைய குவெரி கடிதத்தை ஒட்டினேன். முழுப்பிரதியை எடுத்து வாசிக்கச் சில மாதம் ஆகலாம், முதலில் வாசிப்பவர் உதவியாளராகவும் இருக்கலாம். இது என்ன கதை என்று அவர்கள் பழைய மின்னஞ்சலைத் தேடக்கூடாது, அதற்காகத்தான். பிறகு எனக்கே அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். பொருள் வரியில் இது அவர் கேட்ட பிரதி என்றும் நாவலின் பெயரும். கடிதம் நான்கே வரி.

ஒன்று கவனியுங்கள். முகவர்கள் குவெரி கடிதங்களை வாங்கப் பயன்படுத்தும் குவெரிமேனேஜர் தளம் வழியாக அனுப்பியிருந்தால் பிரதியை ஏற்றுவதற்கு அதிலேயே இணைப்பு வரும். அதை விட்டுவிட்டு மின்னஞ்சலில் அனுப்பினால் அவர்கள் வரிசையில் அது சேராமல் போகலாம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லண்டனிலிருந்து:

அக்கா, இங்கே முறை கொஞ்சம் வேறு. பெரும்பாலும் முதல் தடவையே கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது 10,000 சொற்கள் அளவு அனுப்பிவிடுவோம். அது பிடித்திருந்தால் நேராக முழுப்பிரதிதான் கேட்பார்கள். நடுவில் 50 பக்கம் என்ற படி அநேகமாக இருக்காது.

என் தவறு அதில்தான். பதில் வர மாதக்கணக்காகும், அதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று பாதி நாவலோடு அனுப்பினேன். ஆறாம் நாள் முழுப்பிரதி கேட்டுவிட்டார்! என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் கிடந்தேன். கடைசியில் உண்மையைத்தான் எழுதினேன், இன்னும் முடியவில்லை, கால அவகாசம் வேண்டும் என்று. அவர் கோபப்படவில்லை, முடிந்ததும் அனுப்புங்கள் என்றார். முடிக்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். நாவலை முடிக்காமல் ஒரு கடிதம்கூட அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கதைச்சுருக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எழுதிய முதல் சுருக்கத்தில் முடிவைச் சொல்லாமல் விட்டிருந்தேன். வாசிக்கிற சுவை போய்விடுமே என்ற எண்ணம். பின்னட்டையில் எழுதுவது வேறு, இது வேறு. யார் சாகிறார், யார் யாரை மன்னிக்கிறார், கடைசிக் காட்சியில் என்ன நடக்கிறது, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கதையைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க இவருக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள்.

கோவையிலிருந்து:

நான் தமிழில் இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன், ஆங்கிலத்தில் இது முதல் நாவல். தமிழில் நடுவில் முகவர் யாரும் இருந்ததில்லை. பதிப்பாளருக்கே அனுப்பிவிட்டு, பத்து நாளில் "படிச்சீங்களா சார்?" என்று போன் போடுவேன், அவரும் ஒன்றும் நினைக்கமாட்டார். அதே பழக்கத்தில் நியூயார்க் முகவருக்குப் பன்னிரண்டாம் நாளே நினைவூட்டல் எழுதிவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது. இப்போதெல்லாம் அவர் இணையதளத்தில் சொல்லியிருக்கும் காலம் முடியும் வரை காத்திருக்கிறேன். எதுவும் சொல்லாவிட்டால் மூன்று மாதம். அதன் பிறகு ஒரே ஒரு சிறிய கடிதம்.

அடுத்தது பிரத்தியேக வாசிப்பு. இன்னொருவரிடம் முழுப்பிரதி இருக்கும்போதே ஒரு முகவர், ஆறு வாரம் தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்றார். இரவு பதினொரு மணிக்கு வந்த மின்னஞ்சல். சரி என்று சொல்லிவிடலாமா என்று கை துடித்தது. சொல்லியிருந்தால் அது பொய். காலையில் இப்படி எழுதினேன்: "ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். இன்றிலிருந்து ஆறு வாரம் புதிதாக யாருக்கும் அனுப்பமாட்டேன்." அரை மணி நேரத்தில் அவர் ஒப்புக்கொண்டார். தேதி குறிக்காமல் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நாவல் எத்தனை மாதம் முடங்கும் என்று சொல்லவே முடியாது.

மூன்றாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நான் எழுதாமலேயே ஒருவர் என்னைத் தேடி வந்தார். மூன்று அத்தியாயம் படித்துவிட்டு வானளாவப் புகழ்ந்தார், முழுப்பிரதி கேட்டார், கூடவே வாசிப்புக் கட்டணம் 300 டாலர். மனைவியின் நகையை வைக்கலாமா என்று யோசிக்கும் வரை போய்விட்டேன். அவள்தான், "புத்தகம் விற்றால்தானே அவருக்குக் காசு, முன்னாடியே எதுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. முகவருக்கு உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் வழக்கமாக 20. அதுவும் புத்தகம் விற்ற பிறகு. அமெரிக்க முகவர்களின் சங்கம் தன் உறுப்பினர்கள் வாசிப்புக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. யார் பிரதி கேட்டாலும், எழுத்தாளர்களை ஏமாற்றுபவர்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

அக்கா, ஒரு சந்தேகம். முழுப்பிரதி அனுப்பிய பிறகு மூன்றாம் அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். புதியதை அனுப்பலாமா?

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஓர் அத்தியாயத்துக்காக அனுப்ப வேண்டாம். அவர் இப்போது எந்தப் பிரதியை வாசிக்கிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சும். நாவலின் போக்கே மாறியிருந்தால், திருத்திய பிரதி இருக்கிறது, விரும்பினால் அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இன்னொரு முகவர் உங்களைப் பிரதிநிதித்துவம் செய்ய முன்வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பிரதி வைத்திருக்கும் எல்லோருக்கும் அன்றே எழுதி, பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். அது வழக்கம்தான், யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள்.

என் முழுப்பிரதிக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. கிணறு கதைக்குள் வருவதற்குள் 40 பக்கம் போய்விடுகிறது, மூத்த மகள் வீட்டைவிட்டுப் போகும் காட்சி அவசரமாக ஓடிவிடுகிறது, இவற்றைத் திருத்தினால் மறுபடி வாசிக்கிறேன் என்று எழுதியிருந்தார். அது சம்மதம் இல்லை, வாக்குறுதியும் இல்லை. இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவர் என் அம்மம்மாவின் கிணற்றைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்வது என் நாவல்தானா, வேறொரு நாவலா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் நாவல்தான். நன்றி சொல்லி, ஐந்து மாதம் வேண்டும் என்று எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை திருத்திய பிரதி போனது.

மகள் வீட்டைவிட்டுப் போகும் அந்தக் காட்சி பழைய பிரதியின் 17ஆம் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அது தனி அத்தியாயம்.