23 வகை எஞ்சினை ஓடும்போது பார்த்த அனுபவம்

ஜெர்மன் நீராவி எஞ்சின் என்றாலே பலரும் 01 வகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு மீட்டர் சக்கரமும் நீண்ட பாய்லரும் யாரையும் நிற்க வைத்துவிடும். ஆனால் என் மனசைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 23 வகை. அதை ஓடும் நிலையில் நான் பார்த்தது ஜெர்மனியில் இல்லை, நெதர்லாந்தில். ஆப்பல்டோர்னிலிருந்து டீரன் வரை பழைய தடத்தில் நீராவி ரயில் ஓட்டும் சங்கத்திடம் 23 071, 23 076 என்று இரண்டு இருக்கின்றன (முதல் எண் வகை, அடுத்தது அந்த வகையில் எஞ்சினின் எண்). அவர்களுடைய பணிமனை பேக்பெர்கனில் இருக்கிறது.

நான் போன அன்று 076 நின்றிருந்தது. கிட்டே போனதும் கண்ணில் பட்டது, டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியில், ரிவெட்டே இல்லாதது. பழைய எஞ்சின்களில் தகடு சேரும் இடமெல்லாம் ரிவெட் தலைகள் வரிசை வரிசையாகப் புடைத்திருக்கும். இதில் வழவழவென்று கறுப்புத் தகடு, குனிந்து பார்த்தால் மெல்லிய வெல்டிங் கோடு. பாய்லர், அடிச்சட்டம் எல்லாமே வெல்டிங்தான். மேற்கு ஜெர்மனி ரயில்வேயின் வடிவமைப்பாளர் ஃபிரீட்ரிஷ் விட்டேயின் தலைமையில் வடிவமைத்த புதிய தலைமுறை எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடையாளம்.

இது எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான் அருமை புரியும். ப்ரஷ்யாவின் பி8 எஞ்சின் 1906 முதல் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. ஊருக்கு ஊர் நின்று போகும் பயணி ரயில்களை இழுத்தது பெரும்பாலும் அதுதான். போர் முடிந்தபோது அவை தேய்ந்து கிடந்தன. அந்த இடத்துக்கு மேற்கு ஜெர்மனி ரயில்வே 1950 முதல் 1959 வரை 105 எஞ்சின்களைக் கட்டியது. 1750 மில்லிமீட்டர் ஓட்டுச் சக்கரம், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். (கிழக்கு ஜெர்மனியும் தனியாக ஒரு 23 வகையைக் கட்டியது. அது வேறு எஞ்சின், குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அன்று அங்கே வந்திருந்த ஒரு ஜெர்மன் பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். கிரைல்ஸ்ஹைம் பணிமனையில் ஃபயர்மேனாக, அதாவது எஞ்சின் அடுப்புக்குக் கரி போடுபவராக, இருந்தவராம். பி8-இல் டெண்டரை முன்னே விட்டு ஓட்டும் நாள்களைப் பற்றிச் சொன்னார். குளிர்காலத்தில் ஒரு பக்கம் அடுப்பின் அனல், மறுபக்கம் பனிக்காற்று, அதோடு கண்ணில் விழும் கரித்தூள். 23-க்கு மாறியதும் நான்கு பக்கமும் மூடிய கேபின், உட்கார ஒழுங்கான இருக்கை. அவர் பேசும்போது கையை உயர்த்தி, சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை இழுப்பதுபோலக் காட்டினார். பழைய எஞ்சின்களில் அந்தக் கைப்பிடி பாய்லரின் பின்சுவரில் இருக்கும். இதிலோ இழுகம்பி பாய்லருக்கு வெளியே பக்கவாட்டில் போகிறது. அதனால் டிரைவர் சன்னலோரம் உட்கார்ந்து வழியைப் பார்த்தபடியே கையாள முடியும். வேலை செய்கிறவனை நினைத்து ஒருவர் வரைந்த எஞ்சின் இது. எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

குறையும் சொன்னார். ஆரம்பத்தில் சூடேற்றிய நீராவியின் பாதையில் ரெகுலேட்டரை வைத்திருந்தார்கள், அது அடிக்கடி தொல்லை கொடுத்தது, அப்புறம் மாற்றினார்கள். அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் கசப்பு இல்லை.

முதல் பெட்டியில் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் தெரிந்தது, இது தடதடத்துப் புறப்படும் எஞ்சின் இல்லை. இரண்டு சிலிண்டர்தான், ஆனால் சீரான மூச்சு. திரும்பி வரும்போது எஞ்சினைத் திருப்பவில்லை, அப்படியே டெண்டர் முன்னே வர ஓட்டினார்கள். பெரியவர் சொன்ன மூடிய கேபினின் அருமை அப்போது நன்றாகவே விளங்கியது.

வருத்தம் ஒன்று உண்டு. டீசலும் மின்சாரமும் அதற்குள் வந்துவிட்டதால் 23-க்கு வாழ்நாளே கிடைக்கவில்லை. கடைசியாக வந்த 23 105, யுங் தொழிற்சாலை 1959 டிசம்பரில் கொடுத்தது. மேற்கு ஜெர்மனி ரயில்வே புதிதாக வாங்கிய கடைசி நீராவி எஞ்சினும் அதுவே. 1975-இல் இந்த வகை முழுவதுமே பணியிலிருந்து போய்விட்டது. இது யாருக்கு மாற்றாக வந்ததோ அந்தப் பி8 கிட்டத்தட்ட அதுவரை ஓடிக்கொண்டிருந்தது! அந்த 23 105-ஐ 1985-இல் ஜெர்மன் ரயில்வேயின் 150-ஆம் ஆண்டுக்காக மறுபடி ஓட்டினார்கள். 2005 அக்டோபரில் நூரென்பெர்க் எஞ்சின் கொட்டகையில் பிடித்த தீயில் அதுவும் சிக்கியது. படத்தில் அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஜெர்மனிக்குள் பார்க்க நினைப்பவர்கள் நொயன்மார்க்ட் நீராவி எஞ்சின் அருங்காட்சியகத்தில் 23 019-ஐயும், டார்ம்ஸ்டாட் கிரானிஷ்ஸ்டைனில் 23 042-ஐயும் பார்க்கலாம். பேக்பெர்கன் போனால் அன்று எந்த எஞ்சின் ஓடுகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களிடம் 50, 64 வகைகளும் உண்டு. முடிந்தால் எஞ்சினை ஒட்டிய பெட்டியிலேயே ஏறுங்கள். இதே வகையின் இன்னொரு எஞ்சினான 23 058-இல் பயணம் செய்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.