ஆத்தூர் பாசஞ்சரும் அம்மா சொன்ன வளையமும்

செவ்வாய்ப்பேட்டைக்காரி:

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சேலம் டவுன் ஸ்டேஷனில் ரயிலேறி ஆத்தூர் போய் வந்தோம். பஸ்ஸிலேயே போய்விடலாம், ஆனால் ரயிலில்தான் போகணும் என்று அம்மா ஒரே பிடியாக இருந்தார். 1974-இல் கல்யாணமாகிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவர், தாய்வீடு ஆத்தூர். அப்போதெல்லாம் மார்க்கெட் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால் மீட்டர்கேஜ் பாசஞ்சர் ஆடி அசைந்து கொண்டுபோய் விடுமாம். 2000-களில் அகலப்பாதை போடுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள், அதற்குள் பஸ் பழகிவிட்டது, அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்கப்புறம் அம்மா ஆத்தூர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

முள்ளுவாடி கேட் மூடியிருக்கும்போது வெளியே காத்து நின்றதுதான் எனக்கு இந்த லைனோடு இருந்த பழக்கம். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வேறு ஊர் போல இருக்கிறது. இடது பக்கம் சேர்வராயன் மலை கூடவே வருகிறது. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் குச்சிக்கிழங்குக் காடு, வாழப்பாடி பக்கம் பாக்குத் தோப்பு, நடுநடுவே சேகோ மில்லின் அந்தப் புளித்த வாடை. சின்னவள் மூக்கைப் பொத்தினாள். அம்மா நன்றாக இழுத்து மூச்சு விட்டார். 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவு தூரமும் ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை.

கிளம்பும் முந்தின ராத்திரி பீரோவிலிருந்து ஒரு அரக்குக் கலர் பட்டுப்புடவையை எடுத்துக் காட்டினார். அண்ணன் வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு முடிந்து, அதைக் கட்டிக்கொண்டுதான் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறார். கரி எஞ்சின், ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மேல் பொறி வந்து விழுந்திருக்கிறது. முந்தானையில் கடுகளவு ஓட்டை. விரலால் தடவினால் ஓரத்தில் பட்டு கருகிக் கெட்டியாகி நெருடுகிறது. 'இந்த ஒண்ண மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்' என்று மடித்து வைத்துவிட்டார்.

ஆத்தூரில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் நடந்து ஒரு இடத்தில் நின்றார். 'இங்கதான் எங்கப்பா நிப்பாரு.' பெரியவன் கேட்டான், 'பேசிக்கிட்டே இருப்பாரா அம்மாயி?' அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'பேசவே மாட்டாரு கண்ணு. எஞ்சின் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பாரு. ஒரு ஆளு கைப்பிடி வச்ச பெரிய வளையம் ஒண்ணத் தூக்கிட்டுப் போயி டிரைவர்கிட்டக் குடுப்பான். அதக் கண்டதும் கம்பியப் புடிச்சிருக்கற என் கையத் தட்டி, சரி தாயி, அப்படிம்பாரு. உடனே வண்டி நகந்துரும். மக போறாளே, மொகத்தப் பாத்தா என்ன? அதுதான் எனக்குத் தாங்காது.'

ஐம்பது வருஷமாக அம்மாவுக்கு மனசில் இருந்த குறை இது. இதற்கு முன்னால் ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை.

அது என்ன வளையம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்வே காலனி பையன்:

அக்கா, படித்ததும் எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. மீட்டர்கேஜ் காலத்தில் அவர் பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை, இந்த லைனில் பல ஸ்டேஷன்களில் இருந்திருக்கிறார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நானும் அங்கேயே கிடப்பேன்.

அந்த வளையத்தில் தோல் பை ஒன்று இருக்கும், பைக்குள் இரும்புக் குண்டு. டோக்கன் என்போம். ஒற்றைத் தண்டவாளம் இல்லையா, எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் ஒரு மெஷின், அடுத்த ஸ்டேஷனில் அதற்கு ஜோடி, இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு. மணி அடித்துக் கேட்டு, அந்தப் பக்கம் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே குண்டு வெளியே வரும். ஒரு குண்டு வந்துவிட்டால், அதை மறுபடி மெஷினில் போடும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கவே கூடாது, கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு பச்சைக் கொடி காட்டினாலும் சரி.

நிற்கும் வண்டிக்கு நடந்துபோய்க் கொடுப்பார்கள். நிற்காத வண்டிக்குத்தான் அந்தப் பெரிய வளையம் அவசியம், ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை விட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பழைய டோக்கனை அப்படியே கீழே வீசிவிட்டுப் போவார்கள். ராத்திரியில் தீவட்டி வெளிச்சத்தில் அப்பா வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பதை ஒருமுறை பார்த்தேன். வண்டி அவரை உரசிக்கொண்டு போனது போல இருந்தது, அழுதுவிட்டேன். முழங்கைக்கு மேலே எப்போதும் ஒரு கன்றிப்போன தடம் இருக்கும் அவருக்கு. அம்மா தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். 'கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கவே கூடாது' என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். கை அப்படியே நின்றுவிட்டது.

'அப்ப எங்கப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்குது' என்றார். 'அது போயி சேர்ற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.'

வெகுநேரம் கழித்து, உங்கள் அப்பா ஆத்தூரில் எந்த வருஷமாவது வேலை பார்த்தாரா என்று கேட்கச் சொன்னார்.