ஸ்பிட்ஃபயர் மார்க் 3: வளைவில் பின்பக்கம் எழும்புகிறது, எதிலிருந்து தொடங்குவது?

பச்சை மார்க்3:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நேர்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. இறுக்கமான வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்குகிற மாதிரி இருக்கிறது. உடனே வால் வழுக்குகிறது. பின் லீஃப் ஸ்பிரிங் (தகடுகள் அடுக்கியது) புதிது, கம்பெனி அளவுதான். ஷாக் அப்சார்பர் நான்கும் பழசு. டயர் 155/80 ஆர் 13, நான்கிலும் 24 பி.எஸ்.ஐ. காற்று.

முன்பக்கத்துக்கு 330 பவுண்டு (ஒரு அங்குலம் அமுங்கத் தேவையான சுமை) தாழ்வான காயில் ஸ்பிரிங், வண்டி முழுக்கப் பாலியூரித்தேன் புஷ் (இணைப்புகளுக்குள் இருக்கும் மெத்தை வளையம்), இந்த இரண்டையும் முதலில் வாங்கலாம் என்று எண்ணம். பந்தயத்துக்கு அல்ல, வளைந்து வளைந்து போகும் கிராமச் சாலைகளுக்குத்தான். இந்த வரிசை சரியா?

அச்சாணி:
வரிசையை மாற்றுங்கள். உங்கள் சிக்கல் பின்பக்கத்தில் இருக்கிறது, பணம் முன்பக்கத்துக்குப் போகிறது.

மார்க் 3-இன் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். அரை அச்சுக்கு டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஓரத்தில் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், அதாவது மடங்கும் இணைப்பு. சக்கரம் அதை மையமாக வைத்து வட்டமடிக்கும். உடல் மேலே போனால் சக்கரத்தின் அடி உள்ளே வரும், அதாவது கேம்பர் எனும் சக்கரச் சாய்வு பாசிட்டிவ் பக்கம் போகும். வளைவில் வெளிச்சக்கரம் வாங்கும் பக்கவாட்டு விசை, உயரத்தில் இருக்கும் அந்த ஜாயிண்ட் வழியாக உடலை மேலே நெம்புகிறது. காலை எடுத்ததும் எடை முன்னால் போய் பின்பக்கம் இன்னும் தூக்குகிறது. இரண்டும் சேர்ந்ததும் டயர் ஓரத்தில் நிற்கிறது, பிடி போய்விடுகிறது.

புது ஸ்பிரிங் இதை மோசமாக்கியிருக்கும். பழைய ஸ்பிரிங் தொய்ந்து போனதால் சக்கரங்கள் இயல்பாகவே நெகட்டிவ் கேம்பரில் நின்றிருக்கும். புதிது வண்டியைத் தூக்கி நிறுத்தி, கேம்பரைப் பூஜ்யத்துக்கோ பாசிட்டிவுக்கோ கொண்டு வந்திருக்கும்.

எனவே முதலில் அளவெடுங்கள். சமதளத்தில், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டை, பாதி டாங்க் பெட்ரோல். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. சக்கரங்கள் மடங்கியபடியே தரையில் பதிந்திருக்கும். பத்துப் பதினைந்து அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்ட பிறகுதான் உண்மையான கேம்பர் தெரியும். கேஜ் இல்லையென்றால் தூக்குநூல் போதும். 13 அங்குல வீலின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 டிகிரி. பின்னால் நெகட்டிவ் 1.5 முதல் 2 வரை இருக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் டயரின் உள்ளோரம் வேகமாகத் தேயும்.

செலவில்லாத வேலை ஒன்று: காற்று. பிந்தைய ஸ்பிட்ஃபயர்களின் கையேடு, ரேடியல் டயர் என்றால் முன்னால் 21, பின்னால் 26 என்று சொல்கிறது. நான்கிலும் ஒரே அளவு வைப்பது இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது. இன்றைக்கே மாற்றுங்கள்.

கேம்பர் குறைவாக இருந்தால், ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே அலுமினியக் கட்டை. ஸ்பிரிங்கின் நடுப்பகுதி உயர்வதால் முனைகளும் சக்கரங்களும் உடலைப் பொறுத்து உயர்ந்து, வண்டி இறங்கும். 1 அங்குலக் கட்டை கேம்பரை ஏறத்தாழ 3 டிகிரி நகர்த்தும். உங்களுக்கு 1.5 டிகிரிதான் தேவை என்றால் அரை அங்குலம் போதும். முழு அங்குலத்தை வாங்கிப் போட்டுவிட்டு டயரைத் தின்னவிட வேண்டாம். கட்டையின் கனத்துக்கு ஏற்ப நீளமான ஸ்டட் (இரு முனையிலும் மறையுள்ள, தலையில்லாத போல்ட்) கட்டாயம்.

லேத்துப்பட்டறை:
அச்சாணி சொன்னது எல்லாம் சரி, ஆனா அதுக்கு முன்னாடி தேய்மானத்தைப் பாருங்க. ஸ்விங் ஆக்ஸில்ல பக்கவாட்டு விசை முழுக்க அரை அச்சு வழியாத்தான் போகுது. ஜாயிண்ட்ல ஆட்டம் இருந்தா கேம்பர் அளவுக்கே அர்த்தமில்லை. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க, பிறகு ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு அரை அச்சை முறுக்கிப் பாருங்க. வெளிமுனை நீடில் பேரிங்கையும் விட்டுடாதீங்க. அது ஓடுற இடத்துல அச்சோட மேல்பரப்பு குழி விழுந்திருந்தா பேரிங் மட்டும் மாத்திப் பயனில்லை, அச்சையே மாத்தணும். அங்க அச்சு முறிஞ்சா சக்கரமே கழண்டு போகும்.

முன்னால டிரன்னியன், அதாவது முன்சக்கரம் திரும்புற அடிமூட்டு. அந்தப் பித்தளைக் கட்டைக்குக் கிரீஸ் அடிக்கிற பழக்கம் இருந்தா இன்னியோட நிறுத்துங்க. இ.பி. 90 கியர் ஆயில்தான் போடணும், 6,000 மைலுக்கு ஒரு தடவை. கிரீஸ் மறைக்குள்ள போகாம மேலேயே நின்னுடும். தண்ணி தங்கித் துரு பிடிச்சு, வெர்ட்டிகல் லிங்க் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற செங்குத்துத் தாங்கி) மறை பகுதியில ஒடியும். கழட்டும்போது இடது, வலது கலந்துடாதீங்க, மறை எதிர்எதிர்த் திசை. மாட்டும்போது கடைசி வரைக்கும் திருகிட்டு, ஒரு சுத்துக்குள்ள பின்னால எடுங்க. ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் முழுசா திரும்பணும்.

பாலியூரித்தேன் எல்லா இடத்துலயும் வேணாம். முன் விஷ்போனுக்கு (முன்சக்கரத்தைத் தாங்குற கவைக் கை) போடலாம், கூட வர்ற சிலிக்கான் கிரீஸைத் தாராளமா பூசுங்க, இல்லேன்னா கிறீச்சிடும். பின்னால ரேடியஸ் ஆர்முக்கு (பின்சக்கரத்தை முன்பின் நகராம பிடிக்கிற கம்பி) ரப்பரே போதும், அது பல திசையிலயும் முறுக வேண்டிய இடம். ரப்பர் புஷ் எங்க போட்டாலும் வண்டி சக்கரத்துல நின்ன பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கவிட்டு முறுக்கினா புஷ் எப்பவும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

நாலாம்மார்க்:
கட்டை நல்ல தீர்வுதான், ஆனால் அறிகுறியைத்தான் தணிக்கிறது. டிரையம்ஃப் நிறுவனமே 1970-இல் மார்க் 4-இல் வேறு வழி எடுத்தது: ஸ்விங் ஸ்பிரிங். அதில் ஒரு தகடு மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மற்றவை பெட்டிக்குள் ஒரு மையத்தில் அசையும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்பிரிங் முழு வலுவோடு வேலை செய்யும். உடல் சாயும்போது மட்டும் இளகும். பின்பக்கம் சாய்வை எதிர்ப்பது குறைவதால் வெளிச்சக்கரத்துக்குப் போகும் சுமை குறைகிறது, நெம்பலும் குறைகிறது.

இழந்த எதிர்ப்பை முன்னால் திருப்பித் தரவேண்டும். அதனால்தான் முன் ஆன்டி-ரோல் பாரை (உடல் சாய்வைத் தடுக்கும் கம்பி) 11/16 அங்குலத்திலிருந்து 7/8 அங்குலமாக்கினார்கள். ஸ்விங் ஸ்பிரிங் போட்டுப் பழைய மெல்லிய பாரையே விட்டால் வண்டி படகுபோல் சாயும். இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பாரின் கனத்துக்கு ஏற்ற புஷ்ஷும் கிளாம்ப்பும் வாங்குங்கள்.

மார்க் 3-இல் மாட்டும்போது மூன்று விஷயம். மார்க் 3 ஸ்பிரிங்குக்கு ஆறு ஸ்டட், ஸ்விங் ஸ்பிரிங்குக்கு நான்கு. மிச்சத் துளைகளை அடைக்க வேண்டும். ஸ்டட் மறையில் சீலன்ட் பூசாவிட்டால் டிஃபரன்ஷியல் எண்ணெய் கசியும். பெட்டி உயரமானது, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடி இடிக்கிறதா என்று பாருங்கள்.

330 பவுண்டு ஸ்பிரிங் முன்பக்கத்தை விறைப்பாக்கி வால் வழுக்கலைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேடுபள்ளச் சாலையில் முன்சக்கரம் துள்ளும். கனமான பார் அதே பலனை, நேராக ஓடும்போது உங்கள் முதுகை வருத்தாமல் தரும்.

பச்சை மார்க்3:
அளந்தேன். இடது பாசிட்டிவ் 0.5, வலது பூஜ்யம். ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. இப்போதைக்கு ஸ்பிரிங்கை மாற்ற வசதியில்லை. கட்டையும் ஷாக்கும் மட்டும் என்றால் பரவாயில்லையா? 7/8 பாரையும் சேர்த்துப் போடலாமா?

அச்சாணி:
பரவாயில்லை. முக்கால் அங்குலக் கட்டை உங்களை நெகட்டிவ் 2 அருகில் கொண்டுவரும். பாரையும் போடுங்கள், இப்போதுள்ள ஸ்பிரிங்கோடும் பொருந்தும்; முன்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளும், சாலைக்கு அது பாதுகாப்பான பக்கம்தான்.

பின் ஷாக் வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை இந்த வண்டியில் ஷாக்தான் நிறுத்துகிறது. நீளமான ஷாக் போட்டால் அதிகமாக மடங்கும். கம்பெனி அளவு, அல்லது தாழ்த்திய வண்டிக்கான குட்டை வகை. சரிசெய்யும் வகையானால் மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள்.

வேலை வரிசை: சாசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெர்ட்டிகல் லிங்க்கின் அடியில் ஜாக்கி வைத்துச் சுமையை வாங்கிய பிறகே ஷாக்கையும் ஸ்பிரிங் முனை போல்ட்டையும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸில் சக்கரம் தொங்கக் கூடாது. உள்ளே மூடியைத் திறந்து நட்டுகளை எடுங்கள். ஸ்டட்டை எடுக்க இரண்டு நட்டை எதிரெதிராக இறுக்கித் திருப்பினால் வரும். கட்டை வைத்துத் திரும்ப இறுக்கும்போது குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. பம்ப் ஸ்டாப்புக்கு (சக்கரம் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பாருங்கள், முக்கால் அங்குலம் அங்கிருந்துதான் போகிறது.

லேத்துப்பட்டறை:
அதோட பின் டோவையும் பாருங்க (மேலேருந்து பார்த்தா சக்கரத்தோட முன்னோரம் உள்ளே திரும்பியிருந்தா டோ-இன், வெளியேன்னா டோ-அவுட்), வண்டி இறங்கினா அதுவும் மாறும். ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் உடலுக்கும் நடுவுல ஷிம் (மெல்லிய தகடு) இருக்கும். ஷிம் சேர்த்தா சக்கரம் பின்னால தள்ளி டோ-அவுட் ஆகும், எடுத்தா டோ-இன். நேராவோ கொஞ்சம் டோ-இன்னாவோ வைங்க. பின்னால டோ-அவுட் இருந்தா கால் எடுக்கும்போது வர்ற வழுக்கல் திரும்ப வந்துடும். இடது வலது அரை டிகிரி வித்தியாசம் சொன்னீங்களே, முதல்ல இடது ஸ்பிரிங் முனை புஷ்ஷைப் பாருங்க, அது சரியா உட்காரலேன்னாலும் அப்படிக் காட்டும்.